நம்ம பையன்தான்

வடசென்னையில் என் மாமா வீட்டு மொட்டை மாடியில் புறாக்கூண்டு இருந்தது. மாமா வெளியூர் கிளம்பினால் அன்றைக்கு வீட்டில் பஞ்சாயத்துதான். நகை, பணம், வீட்டுப் பத்திரம் எதைப் பற்றியும் அவர் கவலைப்பட மாட்டார். கூண்டுச் சாவியை யாரிடம் கொடுப்பது என்பதுதான் பிரச்சினை. தீனி போடத் தெரிந்தவனாக இருக்க வேண்டும், அதே சமயம் நல்ல ஜோடியாகப் பார்த்து விற்றுவிடாதவனாகவும் இருக்க வேண்டும். கடைசியில் எதிர்வீட்டுப் பையனிடம் கொடுத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு போகிற வரைக்கும் புலம்பிக்கொண்டே வருவார்.

மாமாவின் ஞாபகம் வந்தது வேறொரு சாவியால். 1981 ஆகஸ்ட் 17 அன்று, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், டொமினிக் நபோலிட்டானோ என்பவர் தன் வீட்டுச் சாவியை ஒருவரிடம் கொடுத்தார். ஊரில் அவருக்கு ‘சன்னி பிளாக்’ என்று பெயர். பொனானோ மாஃபியாக் குடும்பத்தில் கேப்டன். தனக்குக் கீழே ஒரு கூட்டத்தை வைத்துக்கொண்டு திருட்டு, கந்துவட்டி, சூதாட்டம் என்று ஓட்டியவர். கொலையிலும் பங்குண்டு, அதை மறைத்து அவரை நல்லவராக்க எனக்கு உத்தேசமில்லை. ‘மோஷன் லவுஞ்ச்’ என்ற பார்தான் அவருடைய ஜாகை. அதற்கு மேலே வீடு, அதற்கும் மேலே மொட்டை மாடியில் பந்தயப் புறாக்கள். அன்று அவரை ஒரு கூட்டத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். எதற்காகக் கூப்பிடுகிறார்கள் என்று அவர் ஊகித்திருக்கிறார். போட்டிருந்த நகைகளைக் கழற்றி, வீட்டுச் சாவியோடு சேர்த்து, பாரில் வேலை செய்தவரிடம் ஒப்படைத்தார். புறாக்களைப் பார்த்துக்கொள்ளத்தான் அந்தச் சாவி. அப்புறம் கிளம்பிப் போனார். திரும்பவில்லை.

இந்தக் கதை ‘டானி பிராஸ்கோ’ என்று படமாக வந்தபோது, நகையைக் கழற்றி வைக்கிற காட்சியை வேறொரு பாத்திரத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் காட்சியில் புறாவும் கிடையாது. நானும் பல வருடம் படத்தில் வந்ததைத்தான் நடந்தது என்று நம்பிக்கொண்டிருந்தேன். போன மாதம் தூக்கம் வராத ஒரு ராத்திரி உண்மைச் சம்பவத்தைத் தேடிப் படிக்கப்போய், புறாக்கள் வந்து உட்கார்ந்துகொண்டன. விரட்டிப் பார்த்தேன், போகவில்லை. ஏன் போகவில்லை என்பதற்கு என்னிடம் ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கம், அதனால் சன்னி பிளாக்கின் கூட்டத்துக்குள் வேஷம் போட்டுப் புகுந்த பிஸ்டோனிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஆறு மாதம் என்று போனவர்

ஜோசப் பிஸ்டோன் 1969-ல் அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யில் சேர்ந்தவர். நியூஜெர்சி மாநிலத்தின் பேட்டர்சன் நகரில் வளர்ந்த இத்தாலிய வம்சாவளிக்காரர். மாஃபியாக்காரர்கள் எப்படிப் பேசுவார்கள், எதற்குக் கோபப்படுவார்கள் என்பதையெல்லாம் அவர் பயிற்சிக் கூடத்தில் கற்கவில்லை, தெருவிலேயே பார்த்திருக்கிறார். 1976 செப்டம்பரில் ‘டானி பிராஸ்கோ’ என்ற பெயரில் உள்ளே போனார். நகைத் திருடன் வேஷம். திருட்டு நகை வாங்கி விற்பவர்களைப் பிடிப்பதுதான் முதல் குறி, அதற்கு ஆறு மாதம் போதும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். வேஷம் ஒட்ட வேண்டுமே என்று ரத்தினக் கற்களைப் பற்றி முறையாகப் படித்துக்கொண்டார். அலுவலகத்தில் அவர் இருந்த தடயத்தையே அழித்துவிட்டார்கள். யாராவது போன் செய்து விசாரித்தால் அப்படி ஒருவர் இங்கே வேலை செய்யவில்லை என்று பதில் வரும். கூட வேலை பார்த்தவர்களுக்கே அவர் எங்கே போனார் என்று தெரியாது.

இந்த மாதிரி வேலை என்றால் சாகசம் என்றுதான் நினைக்கிறோம். ஆரம்பத்தில் அவர் செய்ததெல்லாம் சும்மா உட்கார்ந்திருந்ததுதான். மாஃபியாக்காரர்கள் வந்துபோகும் உணவகத்துக்குப் போவார். பாரில் ஓரமாக உட்கார்வார். யாரிடமும் எதுவும் கேட்க மாட்டார். பக்கத்தில் பேக்கேமன் ஆடிக்கொண்டிருப்பவர்களோடு மெல்ல ஆட்டத்தில் சேர்ந்துகொள்வார். கேள்வி கேட்கிறவன்தான் போலீஸ்காரன். கேட்காமல் நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருப்பவனை, என்றாவது ஒருநாள் எதிராளியே ‘நீ யார்?’ என்று கேட்டாக வேண்டும். அந்தக் கேள்விக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார். முதலில் கொலம்போ என்ற இன்னொரு மாஃபியாக் குடும்பத்தின் ஒரு கூட்டம், பிறகு பொனானோ குடும்பத்தின் ஆண்டனி மிர்ரா, அவர் மூலமாக பெஞ்சமின் ‘லெஃப்டி’ ரஃப்பியேரோ, கடைசியில் சன்னி பிளாக் என்று படியேறினார். ஆறு மாதத் திட்டம் ஐந்து வருடத்தைத் தொட்டது.

லெஃப்டி ஒரு தனிப்பிறவி. சூதாட்டத்தில் விட்ட பணத்துக்குக் கணக்கே கிடையாது. எப்போதும் டானியிடம் கை நீட்டிக்கொண்டே இருப்பார். அது எஃப்.பி.ஐ. பணம் என்பது பாவம் அவருக்குத் தெரியாது. ஆனால் வாங்கிய காசுக்குப் பாடமும் நடத்தினார். எந்தச் சபையில் பேசலாம், எங்கே வாயைத் திறக்கக் கூடாது, யாருக்கு எழுந்து நிற்க வேண்டும், இப்படி எல்லாம். அந்த உலகத்தில் அறிமுகப்படுத்தும்போது இரண்டு விதமாகச் சொல்வார்களாம். ‘இவன் என்னோட ஃபிரண்டு’ என்றால் வெளியாள், ஆனால் நான் பொறுப்பு. ‘இவன் நம்ம ஃபிரண்டு’ என்றால் சத்தியம் வாங்கிச் சேர்த்த உறுப்பினர். ‘என்னோட’வுக்கும் ‘நம்ம’வுக்கும் நடுவில்தான் மொத்த மாஃபியாவும் நிற்கிறது. ‘என்னோட ஃபிரண்டு’ என்று சொல்லிவிட்டால் அது ஜாமீன் கையெழுத்து மாதிரி. அந்த ஆள் ஓடிவிட்டாலோ காட்டிக்கொடுத்துவிட்டாலோ, கையெழுத்துப் போட்டவர் உயிரைக் கொடுத்து அடைக்க வேண்டும். பிஸ்டோனுக்கு மிர்ரா, லெஃப்டி, சன்னி பிளாக் என்று மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

1,500 ரூபாய்

சரி, என் கதைக்கு வருகிறேன். 2007-ல் ஒரு சூப்பர் மார்க்கெட் நிறுவனத்தின் ஆடிட் பிரிவில் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். கோயம்புத்தூருக்கு வெளியே அவர்களுக்கு ஒரு குடோன் இருந்தது. நெய் டின், காபித்தூள், பால் பவுடர் என்று விலை கூடிய சரக்காகப் பார்த்துக் குறைந்துகொண்டே இருந்தது. பேப்பரில் எல்லாம் சரியாக இருக்கும், ரேக்கில்தான் இருக்காது. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது, பார்க்க இன்னும் சின்னப் பையனாக இருப்பேன். என்னை அங்கே ஹெல்பராகச் சேர்த்துவிட்டார்கள். குடோன் மேனேஜருக்கே விஷயம் தெரியாது. பிளஸ் டூ பெயில், அப்பாவோடு சண்டை, சென்னையிலிருந்து கிளம்பி வந்துவிட்டேன் என்று ஒரு கதை. சட்டையை டக்-இன் செய்யக் கூடாது என்பது மட்டும்தான் என் வேஷத்தில் கஷ்டமான பகுதி.

அங்கே ஒரு லோடுமேன் அண்ணன் இருந்தார். நாற்பதைத் தாண்டியவர், எல்லோரையும் ‘கண்ணு’ என்றுதான் கூப்பிடுவார். நான் குடோனிலேயே அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்துக்கொள்வதை இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் 1,500 ரூபாயைக் கையில் திணித்து, ரூம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வா, சம்பளம் வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகத் தா என்றார். என் பேன்ட் பாக்கெட்டில் ஆபீஸ் கொடுத்த பணம் அதைவிட அதிகமாகவே இருந்தது. ஆனால் வீட்டைவிட்டு ஓடிவந்த பையன் வேண்டாம் என்று சொல்வானா? வாங்கிக்கொண்டேன். வேஷத்துக்காகத்தான் வாங்கினேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கேட்டில் செக்யூரிட்டி என் பையைச் சோதிக்க வந்தபோதெல்லாம் அந்த அண்ணன் தூரத்திலிருந்தே குரல் கொடுப்பார்: “நம்ம பையன்தான், உடுங்க.” இரண்டாம் வாரத்துக்குப் பிறகு என்னை யாரும் சோதிக்கவில்லை. ஒன்றரை மாதம் கழித்து, ஒரு ராத்திரி வண்டிக்கு லோடு ஏற்ற ஆள் குறைந்தபோதும் அதே வார்த்தைதான் என்னை உள்ளே கொண்டுபோனது. அன்றுதான் முழுச் சங்கதியும் புரிந்தது. நல்ல பெட்டிகளின் மூலையை நசுக்குவார்கள். ‘டேமேஜ்’ என்று எழுதி, கம்பெனிக்குத் திருப்பி அனுப்புவதாக டெலிவரி சலான் போடுவார்கள். வண்டி கம்பெனிக்குப் போகாது. டேமேஜ் சரக்கைத் திரும்ப எண்ணுகிற வழக்கம் யாருக்கும் இல்லாததால் இரண்டு வருடம் ஓடியிருக்கிறது. சூப்பர்வைசர்தான் எல்லாம். லோடுமேன்களுக்கு வண்டிக்கு இருநூறு ரூபாய்.

அறிக்கையில் ஒன்பது பெயர் எழுதினேன். அண்ணன் பெயர் மூன்றாவதாக வந்தது. மறுநாளே என்னை ஹெட் ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். அங்கே யாரோடும் இனித் தொடர்பு கூடாது என்று உத்தரவு, அதுவும் எனக்குச் சௌகரியமாகவே இருந்தது. பின்னால் கேள்விப்பட்டது இதுதான்: சூப்பர்வைசர் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டு வேறு குடோனில் சேர்ந்துவிட்டார். அண்ணனை அன்றைக்கே வெளியே அனுப்பினார்கள். அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அந்த வட்டாரத்தில் எந்த லோடுமேன் கூட்டமும் அவரை அதன் பிறகு சேர்த்துக்கொள்ளவில்லையாம். பால் பவுடர் திருடியதற்காக அவரை யாரும் ஒதுக்கவில்லை, திருட்டில் அவர்களுக்கும் பங்கு உண்டு. ‘அந்தப் பையனை உள்ள உட்டது நீதானே’ என்பதுதான் கேஸ்.

போட்டோ

1981 மே 5 அன்று, பொனானோ குடும்பத்துக்குள் நடந்த அதிகாரச் சண்டையில் மூன்று கேப்டன்களைப் புரூக்ளினில் ஒரே இடத்தில் சுட்டுக் கொன்றார்கள். சன்னி பிளாக் ஜெயித்த பக்கம். செத்தவர்களில் ஒருவரின் மகன் மட்டும் தப்பிவிட, அவனைத் தீர்த்துக்கட்டும் வேலையை டானியிடம் கொடுத்தார். வேலை முடிந்தால் டானியை முறைப்படி உறுப்பினராக்குவது அவர் எண்ணம். ‘என்னோட’ என்பது ‘நம்ம’ ஆகப் போகிற நேரம். பிஸ்டோன் அதுவரைக்கும் இருந்து பார்த்துவிடலாம் என்றார். மேலிடம் ஒத்துக்கொள்ளவில்லை. ஜூலை 26-ம் தேதியோடு வேஷம் கலைந்தது.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அடுத்த சில நாட்களுக்குள் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் மோஷன் லவுஞ்சுக்கே போய் சன்னி பிளாக்கைப் பார்த்தார்கள். டானி எங்கள் ஆள் என்று சொன்னார்கள். சொன்னால் நம்ப மாட்டார் என்று, தங்களோடு பிஸ்டோன் சேர்ந்து நிற்கிற போட்டோவையும் காட்டினார்கள். உன் ஆட்களே உன்னை விட மாட்டார்கள், எங்களிடம் வந்துவிடு என்று ஒரு வழியும் காட்டினார்கள். கைது செய்யப் போகவில்லை. சொல்லத்தான் போனார்கள். அதில் கணக்கும் இருந்தது, அவரைச் சாட்சியாக்கினால் இன்னும் பெரிய தலைகள் விழும். ஆனாலும் போனார்கள், முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள்.

சன்னி பிளாக் அசையவில்லை. அவருடைய கூட்டம் முதலில் நம்பவே மறுத்து டானியைத் தேடியது. லெஃப்டியோ, அவன் நமக்கு எதிராகப் போக மாட்டான் என்று தன் வக்கீலிடமே சொன்னாராம். சன்னி பிளாக் எஃப்.பி.ஐ.யிடம் ஓடியிருக்கலாம். வேறு ஊருக்கு ஓடியிருக்கலாம். மூன்று வாரம் அதே பாரில், அதே மாடிக்குக் கீழே இருந்தார். பிறகு சாவியைக் கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்குப் போனார். உடல் ஒரு வருடம் கழித்து ஸ்டேட்டன் தீவில் கிடைத்தது. டானி மீது வருத்தமில்லை, அவன் தன் வேலையைச் செய்தான், யாராவது என்னைக் கவிழ்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் அவனாக இருந்ததில் சந்தோஷம் என்ற பொருளில் அவர் சொன்னதாக, அவருடைய தோழி பிற்பாடு தெரிவித்தார்.

இதைப் படித்ததும் பாட்டி சொன்ன மெய்ப்பொருள் நாயனார் கதைதான் எனக்கு வந்தது. போரில் ஜெயிக்க முடியாத முத்தநாதன் நீறு பூசி, சிவனடியார் வேஷத்தில், ஓலைச்சுவடிக் கட்டுக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு ராஜாவின் பள்ளியறை வரைக்கும் போய்விடுகிறான். குத்துகிறான். காவல்காரன் தத்தன் வாளை உருவிக்கொண்டு ஓடிவர, விழுந்துகொண்டே ராஜா சொல்கிற வார்த்தை, “தத்தா, நமர்.” நம்ம ஆள், விட்டுவிடு. அவனை ஊர் எல்லை தாண்டிப் பத்திரமாகக் கொண்டுபோய் விட்டுவா என்று அனுப்பிவிட்டு, தத்தன் திரும்பி வந்து சேதி சொல்கிற வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். சின்ன வயதில் இந்தக் கதை எனக்கு எரிச்சலாக இருக்கும். இப்படியும் ஒரு ராஜாவா என்று பாட்டியோடு சண்டை போட்டிருக்கிறேன். நாயனாரையும் ஒரு மாஃபியா கேப்டனையும் ஒரே பத்தியில் வைப்பது அபச்சாரம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். நாயனார் கும்பிட்டது திருநீற்றை, சன்னி பிளாக்குக்குக் கும்பிட அப்படி எதுவும் கிடையாது. இருந்தும் அந்த ‘நமர்’ இரண்டு இடத்திலும் எனக்குக் கேட்கிறது.

பிஸ்டோனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மனைவியையும் மூன்று மகள்களையும் வேறு மாநிலத்தில் வேறு பெயரில் குடிவைத்துவிட்டு, என்றைக்கு வேண்டுமானாலும் சாகலாம் என்ற நிலையில் ஐந்து வருடம் இருந்தவர். அவர் திரட்டிய ஆதாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். தங்கள் வீட்டுக்குள் போலீஸை இவ்வளவு தூரம் விட்டுவிட்டார்களே என்று மற்ற மாஃபியாக் குடும்பங்கள் பொனானோக்களைத் தங்கள் ஆட்சிக்குழுவிலிருந்தே ஒதுக்கிவைத்தன. பிஸ்டோன் தலைக்கு மாஃபியா வைத்த விலை ஐந்து லட்சம் டாலர். எஃப்.பி.ஐ. கொடுத்த போனஸ் ஐந்நூறு டாலர். இதில் சிரிக்காமல் என்ன செய்வது.

என்னை உறுத்துவது வேறு. இந்த மாதிரி ஆபரேஷன்களைப் பாராட்டும்போது, ஒரு தோட்டாகூடச் செலவாகவில்லை என்கிற தொனியில் பேசுகிறார்கள். தோட்டா செலவானது, அது எதிராளியின் கணக்கில் எழுதப்பட்டது, அவ்வளவுதான். சன்னி பிளாக்குக்கு அடுத்து, 1982 பிப்ரவரியில் மிர்ராவைச் சுட்டார்கள். சுட்டது அவருடைய சொந்த உறவுக்காரர், வேறு யாரையும் மிர்ரா பக்கத்தில் விடமாட்டார் என்பதால். லெஃப்டியையும் முடித்திருப்பார்கள், எஃப்.பி.ஐ. முந்திக்கொண்டு கைது செய்ததால் உயிர் தப்பினார். கடைசி வரை யாரையும் காட்டிக்கொடுக்காமல் ஜெயிலில் இருந்துவிட்டு, 1992-ல் நோயாளியாக வெளியே வந்து 1994-ல் இறந்தார். சன்னி பிளாக்கைத் தீர்க்கச் சொன்ன ஜோசப் மசினோ பிற்பாடு குடும்பத்தின் தலைவரானார், அந்தக் கொலை நடந்து இருபது வருடத்துக்கு மேல் கழித்துத்தான் மாட்டினார். 2004-ல் அவர்மீது நிரூபணமான கொலைகளில் சன்னி பிளாக்கின் கொலையும் ஒன்று. அந்த மசினோ என்ன செய்தார் தெரியுமா? நியூயார்க்கின் ஐந்து மாஃபியாக் குடும்பங்களில் அரசுச் சாட்சியாக மாறிய முதல் தலைவர் அவர்தான். ஜெயிலுக்குள்ளேயே ரெக்கார்டரைக் கட்டிக்கொண்டு தன் இடத்தில் இருந்தவரின் பேச்சைப் பதிவு செய்து கொடுத்தார்.

அதனால் மறுபடியும் அந்தப் போட்டோவுக்கே வருகிறேன். வேஷம் போட்டதற்காக நான் வருத்தப்படுகிறேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது இல்லை என்று இப்போது தோன்றுகிறது. திருட்டு நடந்தது, கண்டுபிடிக்கத்தான் அனுப்பினார்கள், கண்டுபிடித்தேன். ஆனால் அவ்வளவு பெரிய கொலைகாரக் கூட்டத்தின் கேப்டனுக்கே நேரில் போய்ச் சொல்ல ஆள் இருந்தது. வண்டிக்கு இருநூறு வாங்கிய ஒரு லோடுமேனிடம் போய், அண்ணே, நான் யார் தெரியுமா என்று சொல்ல யாரும் இல்லை. உத்தரவு என்றேனே, அந்த உத்தரவு ஒரு மாதத்தில் காலாவதி ஆகியிருக்கும். நான் வேலையை விட்டதே அடுத்த வருடம்.

போன வருடம் ஒரு கல்யாணத்துக்காகக் கோவை போயிருந்தபோது அந்தப் பக்கம் போனேன். குடோன் இருந்த இடத்தில் இப்போது ஏதோ கூரியர் கம்பெனி. எதிரே டீக்கடை மட்டும் அப்படியே இருந்தது, மாஸ்டர் மட்டும் வேறு ஆள். லோடுமேன் அண்ணன் ஒருத்தர், எல்லோரையும் கண்ணு கண்ணு என்பாரே என்று ஆரம்பித்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. திருப்பூர்ப் பக்கம் மகள் வீட்டோடு போய்விட்டாராம், ஆடி அமாவாசை, தீபாவளி என்று எப்போதாவது இங்கே வந்து எட்டிப் பார்ப்பாராம். என் சட்டைப் பையில் ஒரு கவர் இருந்தது. 1,500-ஐ இத்தனை வருடத்துக்கு வட்டி போட்டுப் பார்த்து, சரியாக வராமல், ஒரு தொகை வைத்திருந்தேன்.

“வந்தா யாருங்க தேடிட்டு வந்ததாச் சொல்றது?” என்றார் மாஸ்டர்.

டீக்குக் காசு கொடுத்தேன். சில்லறை இல்லை என்று அவர் கல்லாவைத் துழாவிக்கொண்டிருந்தபோது, பஸ் வந்துவிட்டது என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். பஸ் எதுவும் வரவில்லை.